வலியில்லாதவனுக்கு வாசலில் பஸ்

2008 ஆகஸ்ட். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஒரு இதய டாக்டர் ஒரே நாளில் இதயக் குழாய்களுக்குள் 30 ஸ்டென்ட் வைத்தார். முப்பதும் அபாட் கம்பெனிச் சரக்கு. இரண்டு நாள் கழித்து டாக்டர் வீட்டில் விருந்து. கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி 2,159 டாலர் செலவழித்தார். ஒரு முழுப் பன்றி, மெல்லிய புகையில் பொறுமையாக வாட்டியது. தொட்டுக்கொள்ள இன்னும் சில. கடைசியில் பீச் பழ இனிப்பு. கற்பனை என்று நினைக்காதீர்கள். அமெரிக்க செனட்டின் நிதிக்குழு 2010 டிசம்பரில் அறிக்கையாகவே அச்சடித்து வெளியிட்ட சங்கதி இது.

பன்றிக் கொழுப்பு இதய நோயாளிக்கு ஆகாது. டாக்டருக்கு ஆகும்.

அந்த மருத்துவமனை பிற்பாடு 585 பேருக்குக் கடிதம் எழுதியது. உங்கள் நெஞ்சுக்குள் நாங்கள் வைத்த உலோகம் ஒருவேளை தேவைப்படாமல் இருந்திருக்கலாம் என்பது அதன் சாரம். ஸ்டென்ட்டைத் திரும்ப எடுக்க முடியாது. செருப்புக் கடையில்கூட ஒரு வாரத்துக்குள் மாற்றிக்கொள்ளலாம். மருத்துவமனை டாக்டரை வெளியே அனுப்பியது. கம்பெனி அவரை ஆலோசகராக உள்ளே அழைத்துக்கொண்டது. 2011-ல் மாநில அரசு அவர் லைசென்ஸைப் பறித்தது. தான் தவறே செய்யவில்லை என்றார் அவர். தவறு செய்தவர்கள் எப்போதும் நோயாளிகள்தான். அவர்கள்தானே நெஞ்சைக் கொண்டுவந்தார்கள்.

நம் ஊரில் என்ன வாட்டிக் கொடுக்கிறார்கள் என்று கேட்காதீர்கள். நம்மிடம் செனட் குழு கிடையாது. ஆகவே நம்மிடம் இப்படி எதுவும் நடப்பதும் கிடையாது.

நம்மிடம் நடப்பது இதுதான். உங்களுக்கே தெரிந்த காட்சி. ஐம்பத்தைந்து வயது. நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை. வெளிநாட்டு மகன் போனில் சொல்கிறான்: "அப்பா, எதுக்கும் ஒரு மாஸ்டர் செக்கப் பண்ணிக்குங்க." போகிறார். ரத்தம் எடுக்கிறார்கள். ஈசிஜி எடுக்கிறார்கள். டிரெட்மில்லில் ஓடவிடுகிறார்கள். மூச்சு வாங்குகிறது. முப்பது வருஷமாக ரேஷன் கடைக்குக்கூட ஸ்கூட்டரில் போன மனிதருக்கு மூச்சு வாங்காமல் மோர் வாங்குமா? "எதுக்கும் ஒரு ஆஞ்சியோ பாத்துடலாம் சார்."

எதுக்கும். இந்த ஒரு சொல்லின் மேல் எத்தனை மாடிக் கட்டடங்கள் நிற்கின்றன.

மனிதர் மேஜையில் படுத்திருக்கும்போதே கதவு திறக்கிறது. மனைவியை அழைக்கிறார்கள். திரையில் கறுப்புப் புழுக்கள் நெளிகின்றன. ஒரு விரல் ஓர் இடத்தைக் காட்டுகிறது. "பாருங்கம்மா, இங்க எண்பது சதவீதம் அடைப்பு. நல்ல நேரத்துல கூட்டிட்டு வந்தீங்க. இப்பவே வெச்சுட்டா ஒரே வேலையா முடிஞ்சிடும். இல்லேன்னா எப்ப வேணாலும்..."

வாக்கியத்தை அவர் முடிப்பதில்லை. முடிக்கத் தேவையில்லை. தமிழ்நாட்டில் விலை அதிகமான நிறுத்தற்குறி அந்த மூன்று புள்ளிதான்.

"எங்க கையெழுத்து போடணும் டாக்டர்?"

எந்த மனைவி போடமாட்டாள்? தாலியைத் தொட்டுக்கொண்டு நிற்கிறவளிடம் ஆராய்ச்சிக் கட்டுரையா வாசித்துக் காட்ட முடியும்? முடியாது. ஆனால் அந்தக் கட்டுரையை டாக்டர் வாசித்திருக்கலாம். அவர் வாசித்திருக்கிறார் என்பதுதான் எரிச்சலே.

இங்கே சிரிப்பை நிறுத்திவிட்டு ஒன்று சொல்லியாக வேண்டும். மாரடைப்பு வந்து நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தவனுக்கு ஸ்டென்ட் உயிர் கொடுக்கும். அடைத்த குழாயைச் சீக்கிரம் திறக்கத் திறக்க இதயத் தசை பிழைக்கும். அதில் இரண்டாம் கருத்து இல்லை. நெஞ்சு வலி வந்தால் இந்தக் கட்டுரையைக் கீழே போட்டுவிட்டு 108-ஐக் கூப்பிடுங்கள். நான் பேசுவது வேறு கூட்டத்தைப் பற்றி. நிதானமாக நடந்து வருகிறவர்கள், படியேறினால் கொஞ்சம் நெஞ்சு இறுக்கம், உட்கார்ந்தால் சரியாகிவிடும் என்கிறவர்கள், அல்லது அதுகூட இல்லாமல் மகன் சொன்னதற்காக வந்தவர்கள். இவர்களிடம்தான் "எப்ப வேணாலும்" விற்கிறது.

"எப்ப வேணாலும் செத்துப்போவீர்கள், ஸ்டென்ட் வைத்தால் போகமாட்டீர்கள்." ஜோசியம் போலத் தெரிந்தாலும் இது சோதித்துப் பார்க்கக்கூடிய வாக்கியம். சோதித்தார்கள்.

2007. கரேஜ் என்று ஓர் ஆய்வு. அமெரிக்காவிலும் கனடாவிலும் 50 மருத்துவமனை, 2,287 நோயாளிகள். பாதிப் பேருக்கு நல்ல மாத்திரைகள். மீதிப் பேருக்கு அதே மாத்திரைகளோடு ஸ்டென்ட் வைக்கும் ஆஞ்சியோபிளாஸ்டி. சராசரியாக நாலரை வருஷம் காத்திருந்து எண்ணினார்கள். செத்தவர்களும் மாரடைப்பு வந்தவர்களும்: ஆஞ்சியோபிளாஸ்டி செய்தவர்களில் 19 சதவீதம். மாத்திரை மட்டும் சாப்பிட்டவர்களில் 18.5 சதவீதம்.

தொழில் கொதித்தது. ஆய்வில் எடுத்த நோயாளிகள் சரியில்லை, பயன்படுத்திய ஸ்டென்ட் பழைய மாடல் என்றார்கள். சரி, புது மாடல் வைத்து, இன்னும் கடுமையான நோயாளிகளை எடுத்துப் பார்ப்போம் என்று அமெரிக்க அரசு சுமார் 10 கோடி டாலரை எடுத்து வைத்தது. இஸ்கீமியா என்று பெயர். 37 நாடுகள், 5,179 பேர். இந்திய மருத்துவமனைகளும் சேர்ந்திருந்தன. ஒரு தரப்புக்கு உடனே குழாய் விட்டுப் பார்த்து ஸ்டென்ட் அல்லது பைபாஸ். இன்னொரு தரப்புக்கு மாத்திரை. அது பலிக்காவிட்டால் பிறகு பார்த்துக்கொள்ளலாம். 2019 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் முடிவைச் சொன்னார்கள்.

உடனே குழாய் விட்டவர்களில் இறந்தவர்கள் 145. மாத்திரைத் தரப்பில் 144.

10 கோடி டாலர் செலவழித்துக் கண்டுபிடித்த வித்தியாசம், ஓர் உயிர். அதுவும் எதிர்ப்பக்கத்தில். படியேறும்போது நெஞ்சு வலித்தவர்களுக்கு ஸ்டென்ட்டால் வலி குறைந்தது, அது உண்மை. வலி குறைய வைத்துக்கொள்ளுங்கள், தப்பில்லை. ஆனால் வலியே இல்லாதவனுக்கு எந்த வலியைக் குறைக்கிறார்கள்? மகனின் வலியையா?

வலியைப் பற்றியும் ஒரு வயிற்றெரிச்சல் உண்டு. லண்டனில் இரண்டு இதய டாக்டர்கள், ராஷா அல்-லாமி, டாரல் ஃபிரான்சிஸ். இவர்கள் கேட்ட கேள்வி எளிது: வலியைக் குறைத்தது ஸ்டென்ட்டா, வைத்துவிட்டார்கள் என்ற நிம்மதியா? இருநூறு பேரை எடுத்தார்கள். எல்லோருக்கும் மயக்கம், எல்லோருக்கும் குழாய், எல்லோர் காதிலும் பாட்டு. பாதிப் பேருக்கு ஸ்டென்ட் வைத்தார்கள். மீதிப் பேருக்கு வைக்கவில்லை. யாருக்கு எது என்று நோயாளிக்கும் தெரியாது, பிறகு பரிசோதித்தவருக்கும் தெரியாது. ஆறு வாரம் கழித்து டிரெட்மில்லில் ஏற்றினார்கள். ஸ்டென்ட் வைத்தவர்கள் கூடுதலாக ஓடிய நேரம் 16.6 நொடி. புள்ளியியல் கணக்கில் அது பூஜ்யம்தான். பூஜ்யம் இல்லை என்றே வைத்துக்கொண்டாலும் 5சி பஸ்ஸைப் பிடிக்கக்கூடப் போதாது. நியாயமாக இதையும் சொல்ல வேண்டும்: 2023-ல் அதே குழு, வலி மாத்திரைகளையெல்லாம் நிறுத்திவிட்டு 301 பேரிடம் மறுபடி சோதித்தது, அப்போது ஸ்டென்ட் வலியைக் குறைக்கிறது என்று தெரிந்தது, அதையும் மறைக்காமல் வெளியிட்டது. தனக்குச் சோறு போடும் தொழிலின் மேலேயே தராசை வைத்தவர்கள். இப்படியும் டாக்டர்கள் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்குப் பன்றி போகாது.

ஏன் இப்படி? அடைப்பை எடுத்தால் ஆயுள் நீள வேண்டும்தானே? நாம் இதயத்தைச் சமையலறைத் தொட்டி என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம். தண்ணீர் நின்றால் குச்சி விட்டுக் குத்து. அப்படி நினைக்க நமக்குப் பழக்கியிருக்கிறார்கள். உள்ளே நடப்பது வேறு. குழாயின் சுவருக்குள் கொழுப்பு படிகிறது. மாரடைப்பு பெரும்பாலும் அந்தப் படிவு வெடித்து, வெடித்த இடத்தில் ரத்தம் உறைவதால் வருகிறது. படத்தில் எண்பது சதவீதம் என்று மிரட்டும் பழைய அடைப்பு கெட்டித்துப்போய் வருஷக்கணக்கில் சும்மா கிடக்கலாம். முப்பது சதவீதம் என்று யாரும் கவனிக்காத இடம் நாளை வெடிக்கலாம். ஸ்டென்ட் ஓரிடத்தைப் பார்த்துக்கொள்ளும். மாத்திரை குழாய் முழுவதையும் பார்த்துக்கொள்ளும். வீட்டில் பத்து ஜன்னல் திறந்து கிடக்க, ஒரு ஜன்னலுக்கு மட்டும் தங்கக் கம்பி போட்டுவிட்டு "திருட்டு பயம் தீர்ந்தது, பில்லைக் கட்டுங்கள்" என்கிறார்கள்.

நோயாளிக்கு இது தெரியுமா? அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மருத்துவமனை ஒன்றில் கேட்டுப் பார்த்தார்கள். ஸ்டென்ட் வைக்கப் போகிறவர்களில் 88 சதவீதம் பேர் அது மாரடைப்பைத் தடுக்கும் என்றே நம்பினார்கள். அதே நோயாளிகளின் டாக்டர்களைக் கேட்டார்கள். பெரும்பாலோர், வலி குறையும், அவ்வளவுதான் என்றார்கள். ஒரே அறை. ஒரே மேஜை. இந்தப் பக்கம் ஒரு நம்பிக்கை, அந்தப் பக்கம் ஓர் அறிவு. நடுவில் கையெழுத்து.

சரி, கரேஜ் வந்த பிறகு தொழில் திருந்தியதா? அதையும் எண்ணினார்கள். நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கு. ஆஞ்சியோபிளாஸ்டிக்கு முன்பு, கொடுத்திருக்க வேண்டிய மாத்திரைகளையெல்லாம் ஒழுங்காகக் கொடுத்துப் பார்த்திருந்தது, ஆய்வு வருமுன் 43.5 சதவீதம் பேருக்கு. வந்த பின் 44.7. ஒன்றே கால் சதவீதம்கூட முழுதாகத் திருந்தவில்லை. அமெரிக்காவின் லவுன் இன்ஸ்டிடியூட் என்ற சுகாதார ஆய்வு அமைப்பு 2023-ல் போட்ட கணக்கு இன்னும் சுவாரசியம்: 2019 முதல் 2021 வரை மூத்த குடிமக்களுக்கான அரசுக் காப்பீட்டில் மட்டும் தேவையில்லாத ஸ்டென்ட் 2,29,000-க்கு மேல். ஏழு நிமிடத்துக்கு ஒன்று. ஒரு ஃபில்டர் காபி போட்டு ஆற்றிக் குடிக்கும் நேரம். அந்த மூன்று வருஷத்தில் இரண்டில் உலகமே கொரோனாவுக்கு பயந்து கதவைச் சாத்திக்கொண்டிருந்தது. இந்தக் கதவு மட்டும் சாத்தவில்லை.

ஆராய்ச்சி பாதகமாக வந்தால் கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு வழி. வரையறையைக் கவனமாகத் தேர்ந்தெடுப்பது இன்னொரு வழி. இதயத்தின் முதன்மைக் குழாயில் அடைப்பு உள்ளவர்களுக்கு பைபாஸ் நல்லதா, ஸ்டென்ட் நல்லதா என்று எக்ஸெல் என்றோர் ஆய்வு. 1,905 பேர். பணம் கொடுத்தது, நமக்கு அறிமுகமான அபாட். மூன்றாண்டு முடிவில் இரண்டும் சமம் என்றார்கள். ஐந்தாண்டு முடிவில் இறந்தவர்கள்: ஸ்டென்ட் தரப்பில் 13 சதவீதம், பைபாஸ் தரப்பில் 9.9. அப்போதும் பெரிய வித்தியாசமில்லை என்றுதான் எழுதினார்கள். சிகிச்சையை ஒட்டி வரும் மாரடைப்பை எண்ண, ஆய்வு தனக்கென்று ஓர் அளவுகோல் வைத்திருந்தது. உலகம் ஏற்றுக்கொண்ட அளவுகோலால் அளந்தால் கணக்கு ஸ்டென்ட்டுக்கு எதிராகச் சாய்கிறது என்று 2019 டிசம்பரில் பிபிசி போட்டு உடைத்தது. ஆய்வாளர்கள் மறுத்தார்கள். கூடுதலாக நேர்ந்த சாவுகளுக்கு இதயம் காரணமல்ல என்றார்கள். ஆய்வின் அறுவை சிகிச்சைக் குழுவுக்குத் தலைவராக இருந்த டேவிட் டாகர்ட், ஐந்தாண்டு அறிக்கையில் என் பெயர் வேண்டாம் என்று எடுத்துக்கொண்டார். ஐரோப்பிய இதய அறுவை சிகிச்சை நிபுணர்களின் சங்கம், அந்த ஆய்வை நம்பி எழுதிய சிகிச்சை நெறிமுறைக்குத் தந்த ஆதரவைத் திரும்பப் பெற்றது. சர்ச்சை ஓயவில்லை. மாரடைப்பு என்றால் என்ன என்பதில் நிபுணர்களுக்கே ஒருமித்த கருத்து இல்லாத உலகில், "எண்பது சதவீதம்" என்பதில் மட்டும் நம் ஊர் திரைக்கு எவ்வளவு உறுதி!

இப்போது விலைக்கு வருவோம். அங்கேதான் நமக்கும் ஆராய்ச்சிக்கும் நேரடி உறவு.

2017 வரை மருந்து பூசிய ஸ்டென்ட்டின் சராசரி விலை 1,21,000 ரூபாய்க்கு மேல். விலையைக் கட்டுப்படுத்தச் சொல்லி ஒரு வழக்கறிஞர் டெல்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். அரசு 2016-ல் ஸ்டென்ட்டை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. அதன் பிறகுதான் தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் கணக்கைத் தோண்டியது. தோண்டியபோது பூதம் கிளம்பவில்லை, சதவீதம் கிளம்பியது. கை மாறக் கை மாற விலை ஏறி, மருத்துவமனை வைத்த லாபம் அதிகபட்சம் 654 சதவீதம். கடலைமிட்டாய்க்கு இப்படி லாபம் வைத்தால் பெட்டிக்கடைக்காரனைத் தெருவே கூடி உதைக்கும். ஸ்டென்ட்டுக்கு வைத்தவரை நாம் கைகூப்பி, 'தெய்வம் சார் நீங்க' என்றோம். சாப்பிடாமல் மஞ்சள் பையில் பணத்தைக் கட்டிக்கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தோம்.

2017 பிப்ரவரியில் உச்சவரம்பு வந்தது. மருந்து பூசியது 29,600 ரூபாய். பூசாதது 7,260. ஒரே இரவில் கால்வாசியானது விலை. அப்படியென்றால் முந்தின நாள் வரை மீதி முக்கால்வாசி எந்த நோய்க்கான மருந்து?

உடனே புலம்பல். இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது, உயர்ந்த தொழில்நுட்பம் இந்தியாவைவிட்டுப் போய்விடும், நோயாளிகள் பாவம் என்றார்கள். நோயாளிகள் பாவம் என்று கம்பெனிகள் சொல்லும்போதெல்லாம் சட்டைப்பையைத் தடவிப் பார்த்துக்கொள்வது நல்லது. கம்பெனிகள் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்ள அனுமதி கேட்ட உயர் தொழில்நுட்பங்களில் ஒன்று, உடம்புக்குள்ளேயே கரைந்துபோகும் ஸ்டென்ட். வேலை முடிந்ததும் மாயமாகிவிடும், அதிசயம் என்று நம் ஊரில் 2012 டிசம்பரிலேயே விற்பனைக்கு வந்துவிட்ட சரக்கு. அமெரிக்க அனுமதி கிடைத்ததே 2016-ல்தான். 2017 மார்ச்சில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை டாக்டர்களுக்குக் கடிதம் எழுதியது: கரையும் ஸ்டென்ட் வைத்தவர்களில் இரண்டாண்டில் பெரிய இதயப் பாதிப்பு 11 சதவீதம், கரையாத ஸ்டென்ட்டில் 7.9. அந்த செப்டம்பரில் அதைத் தயாரித்த கம்பெனி உலகம் முழுக்க விற்பனையையே நிறுத்திக்கொண்டது. ஆக, போய்விடுமே என்று நாம் அழவேண்டியிருந்த தொழில்நுட்பம் இதுதான். ஸ்டென்ட் கரைந்தது. நகைக்கடன் கரையவில்லை.

விலை விழுந்ததால் நோயாளி பிழைத்தானா? ஸ்டென்ட் பில் இளைத்தது. பலூன் பில், குழாய் பில், 'இதர உபகரணங்கள்' பில் எல்லாம் ஊதின என்று புகார் வந்தது. பேக்கேஜ் என்றொரு சொல் இருக்கிறதே, நம் கல்யாண மண்டபக்காரர்கள் கண்டுபிடித்தது. வாழைமரம் விலை குறைந்தால் மைக்செட் விலை ஏறும். மொத்தம் மாறாது.

இதுவரை பேசியது தேவையில்லாமல் ஸ்டென்ட் பெற்றவர்களைப் பற்றி. தேவைப்பட்டவன் எங்கே?

அவன் இன்னும் வந்து சேரவில்லை.

க்ரியேட் என்று ஓர் இந்திய ஆய்வு. 50 நகரங்கள், 89 மருத்துவமனைகள், மாரடைப்பும் அதற்கு முந்தைய நிலையுமாக வந்த 20,468 பேர். 2008-ல் லான்செட்டில் வந்தது. நெஞ்சு வலி தொடங்கியதிலிருந்து மருத்துவமனை வாசலை மிதிக்க எடுத்த நேரம், இடைநிலைக் கணக்கில், 360 நிமிடம். ஆறு மணி நேரம். முதல் ஒரு மணி நேரம்தான் பொன் என்று சொல்வார்கள். நம்மவன் பொன், வெள்ளி, பித்தளை, தகரம் எல்லாவற்றையும் தாண்டி வந்து சேர்கிறான். வாயுவாக இருக்கும் என்று ஒரு சோடா. சூடு பிடித்திருக்கும் என்று கொஞ்சம் விளக்கெண்ணெய். ஆட்டோ கிடைக்கவில்லை. முதலில் போன இடத்தில் டாக்டர் இல்லை. இரண்டாவது இடத்தில் முன்பணம் கேட்டார்கள். கைது வாரண்டைப் பார்த்ததும் வரும் நெஞ்சு வலிக்கு மட்டும்தான் இந்த நாட்டில் ஆம்புலன்ஸும், படுக்கையும், நிபுணர் குழுவும், செய்திக்குறிப்பும் ஒரே நேரத்தில் தயாராகின்றன.

அதே ஆய்வில் இன்னொரு கணக்கு. இதைச் சட்டம் போட்டு எல்லா மருத்துவமனை வரவேற்பறையிலும், பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் மாட்டலாம். முப்பது நாளுக்குள் இறந்தவர்கள்: ஏழைகளில் 8.2 சதவீதம், பணக்காரர்களில் 5.5. ஏழைக்கு இதயம் பலவீனமா? சர்க்கரை அதிகமா? பீடியா? நம் அறிஞர்கள் முதலில் அங்கேதான் விரல் நீட்டுவார்கள். அந்தக் காரணங்களையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். வித்தியாசம் அப்படியே நின்றது. கொடுத்த சிகிச்சையைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள். வித்தியாசம் மறைந்துபோனது. அதாவது அவன் உடம்பு அவனைக் கொல்லவில்லை. நாம் தராத ஊசியும் மாத்திரையும் கொன்றன.

தந்தால் பிழைப்பான் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. கோவையிலிருந்து டாக்டர் தாமஸ் அலெக்சாண்டர், சென்னையிலிருந்து டாக்டர் அஜித் முல்லசாரி. இவர்கள் முன்னின்று ஓர் ஏற்பாடு செய்தார்கள். சின்ன ஊர் மருத்துவமனையில் ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியைப் போடு, 108-ல் ஏற்று, ஆஞ்சியோ வசதி உள்ள பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோ, அரசுக் காப்பீட்டில் வை. புதிய கண்டுபிடிப்பு எதுவும் இல்லை. ஒருவரோடொருவர் பேசிக்கொண்டார்கள், அதுதான் புதுமை. 2,420 நோயாளிகளை எண்ணிப் பார்த்தார்கள். ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கினார்கள். 2017-ல் ஜாமா இதய இதழில் வெளியானது. அதே வருஷம் பிப்ரவரியில்தான் ஸ்டென்ட் விலைக்காகக் கம்பெனிகள் ஒப்பாரி வைத்தன. எந்தச் செய்தி டிவியில் ஓடியது என்று உங்களுக்கு ஞாபகம் இருக்கும்.

2023-ல் தமிழக அரசு 'இதயம் காப்போம்' என்று ஒன்று தொடங்கியது. நெஞ்சு வலி என்று ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வருகிறவனுக்கு உடனே 14 மாத்திரை. இரண்டு ஆஸ்பிரின், நான்கு குளோபிடோக்ரெல், எட்டு அடோர்வாஸ்டாடின். கொடுத்துவிட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பு. மொத்தச் செலவில் ஒரு நல்ல ஓட்டலில் இரண்டு பேர் டிபன் சாப்பிட முடியாது. அரசைப் பாராட்ட எனக்குக் கை கூசும், இதற்குக் கூசவில்லை. ஆனால் இந்தப் பதினான்கு மாத்திரைக்கு எத்தனை வருஷம்? ஆஸ்பிரின் மாரடைப்பில் உயிர் காக்கும் என்று ஐசிஸ்-2 ஆய்வு சொன்னது 1988-ல். அந்த ஆய்வு வந்த வருஷம் பிறந்த பிள்ளைக்கு இப்போது முடி நரைக்கிறது. செய்தி சுகாதார நிலையத்துக்கு வர முப்பத்தைந்து வருஷம். கரையும் ஸ்டென்ட் மட்டும் அமெரிக்காவையே முந்திக்கொண்டு வந்துவிட்டது.

ஒரு மாரடைப்பு வந்து பிழைத்தவனுக்கு அடுத்தது வராமல் தடுப்பதும் மாத்திரைதான். நான்கு வகை. எல்லாம் காப்புரிமை முடிந்தவை, மலிவானவை. 2011-ல் வந்த ப்யூர் ஆய்வு, இந்தியா உள்ளிட்ட ஏழை நாடுகளில் இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களைக் கேட்டது. இந்த நான்கில் ஒன்றைக்கூடச் சாப்பிடாதவர்கள் 80.2 சதவீதம். இந்த மருந்துகளை ஒரே மாத்திரைக்குள் அடைத்துக் கொடுக்கலாமே என்று 2003-ல் இரண்டு பிரிட்டிஷ் பேராசிரியர்கள் எழுதினார்கள். 2009-ல் பெங்களூரை மையமாக வைத்து இந்தியாவில் 50 இடங்களில் சோதித்தார்கள். உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசியப் பட்டியலில் அதைச் சேர்த்தது 2023-ல். இருபது வருஷம். ஆஸ்பிரினுக்கு விற்பனைப் பிரதிநிதி கிடையாது. ஆஸ்பிரினுக்காக யாரும் டாக்டர் குடும்பத்தை பாங்காக் மாநாட்டுக்கு அழைத்துப் போவதில்லை. ஆஸ்பிரினுக்காக எந்த ஊரிலும் எந்தப் பன்றியும் உயிர் விட்டதில்லை.

கடைசியாக ஒரு பயணக் கதை.

குஜராத், மெஹ்சானா மாவட்டம், கடி தாலுகா, போரிசானா கிராமம். 2024 நவம்பர் 10. அகமதாபாதின் தனியார் மருத்துவமனை ஒன்று இலவச முகாம் நடத்தியது. விவசாயிகள், கூலிக்காரர்கள் வந்தார்கள். மூட்டு வலி, அசதி, இலவசம்தானே. மறுநாள் அவர்களில் 19 பேரை பஸ்ஸில் ஏற்றி அகமதாபாத் கொண்டுபோனார்கள். 19 பேருக்கும் ஆஞ்சியோ. ஏழு பேருக்கு ஸ்டென்ட். ஏழைக்கு ஐந்து லட்சம் வரை சிகிச்சை இலவசம் என்று மத்திய அரசு கொடுத்த அட்டையில் கணக்கு. இரண்டு பேர் இறந்தார்கள். பலருடைய வீட்டாருக்கு, உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்லவே இல்லை என்பது ஊராரின் புகார். அங்கே அந்த மூன்று புள்ளிகூடத் தேவைப்படவில்லை. அவசியமில்லாத சிகிச்சை என்று அரசின் முதற்கட்ட விசாரணையே சொன்னது. கைதுகள் நடந்தன. வழக்கு நடக்கிறது. அது நடக்கும், அதற்கு யாரும் ஸ்டென்ட் வைக்கமாட்டார்கள்.

நெஞ்சு வலி வந்த இந்தியன் தன் காலில் மருத்துவமனை போய்ச்சேர ஆறு மணி நேரம். வலியே வராத இந்தியனை மருத்துவமனை வாசலுக்கே வந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனது. நாம் இவ்வளவு காலம் வசதியில்லை, வண்டியில்லை, நிபுணர் இல்லை, நிதியில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தோம். எல்லாம் இருந்திருக்கிறது. வண்டி இருந்தது. டாக்டர் இருந்தார். மேஜை காலியாக இருந்தது. அரசாங்கப் பணம் இருந்தது. ஸ்டென்ட்டும் இருந்தது. நோய் ஒன்றுதான் இல்லை.

உங்கள் தெரு டீக்கடைச் சுவரைப் பாருங்கள். சினிமா போஸ்டருக்கும் காதுகுத்து வாழ்த்துக்கும் நடுவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கும். மாபெரும் இலவச இதய பரிசோதனை முகாம். வட்டச் செயலாளர் முன்னிலை. ஈசிஜி இலவசம், எக்கோ இலவசம். காப்பீட்டு அட்டையைக் கட்டாயம் கொண்டுவரவும். கீழே, கடைசி வரி:

வாகன வசதி உண்டு.